ஜெசிந்தாவின் மெய்த்தடம்

தமீம் ஒரே ஒரு பொத்தானை அழுத்த மறந்தான். அதற்குப் பலனாக ஆறு மாதம் ஊரே காதலித்துக்கொண்டிருந்தது.

ஒலிப்பதிவில் அவன் கைதேர்ந்த ஆள்தான். சாலிகிராமத்தில் அவன் வேலை பார்த்த ஸ்டூடியோவில், பெரிய பாடகர்கள் வந்து நிற்பதற்கு முன்னால் ட்ராக் பாடகர்கள் வந்து பாடிவிட்டுப் போவார்கள். மெட்டு எப்படிப் போகிறது, மூச்சை எங்கே வாங்க வேண்டும் என்று பெரியவர்களுக்குக் காட்டுவதற்காகப் பாடப்படுவது அது. பெரியவர்கள் பாடி முடித்ததும் ட்ராக் குரலை மியூட் செய்துவிட்டு அவர்கள் குரலை வைத்துக்கொள்வார்கள். எந்திரம் எந்தக் குரலில் வேண்டுமானாலும் பாடும் என்று ஆன பிறகும் அங்கே வந்துபோன இசையமைப்பாளர் இந்தப் பழக்கத்தை விடவில்லை. "மூச்சே இல்லாத ஜந்துவுக்கு மூச்சு எங்க வாங்கணும்னு எப்படிய்யா தெரியும்?" என்பார்.

இதில் புதிதாக வந்து சேர்ந்தது மெய்த்தடம். பாடுகிறவரின் பிடரியில் ஒரு பட்டையை ஒட்டிவிடுவார்கள். பாடும்போது அவர் உடம்புக்குள் என்ன ஓடுகிறதோ அதைப் பட்டை பிடித்து வைத்துக்கொள்ளும். கேட்கிறவர்கள் காதுக்குப் பின்னால் அதேபோல ஒன்றை ஒட்டிக்கொண்டால், பாடியவருக்கு வந்தது இவர்களுக்கும் வரும். அரசாங்கத் தமிழில் இதற்கு மெய்ப்பாட்டுப் பதிவு என்று பெயர். ஸ்டூடியோவில் சுருக்கமாக மெய். "வாய்ஸ் ஓகே, மெய் இன்னொரு டேக் போலாம்" என்பார்கள். பாடகர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. முன்பெல்லாம் உருகிப் பாடிக்கொண்டே மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி யோசிக்கலாம். இப்போது யோசித்தால் கேட்கிற லட்சம் பேருக்கும் பசிக்கும்.

மெய்த்தடம் ஸ்பீக்கரில் கேட்காது. திரையின் ஓரத்தில் ஒரு சாம்பல் நிறக் கோடாக ஓடும், அவ்வளவுதான். அன்றைக்குத் தமீம் பழக்கதோஷத்தில் ட்ராக் குரலை மட்டும் மியூட் செய்தான். காதில் விழாத ஒன்றை மியூட் செய்ய வேண்டும் என்று அவன் விரலுக்குத் தோன்றவில்லை. அப்போது தமிழில் முதலிடத்தில் இருந்த பாடகி மிருதுளாவின் குரலும், அதற்கடியில் ஜெசிந்தா என்ற ட்ராக் பாடகியின் மெய்யுமாகப் பாட்டு வெளியே போய்விட்டது. மிருதுளாவின் மெய்யும் அதில் இருந்தது. ஆனால் ஜெசிந்தாவினுடையது அதை அப்படியே மூடிவிட்டது.

ஜெசிந்தாவுக்கு நாற்பத்தாறு வயது. தூத்துக்குடிக்காரி, மாதா கோயில் பாடற்குழுவில் பழகிய தொண்டை. சென்னைக்கு வந்து இருபத்திரண்டு வருடமாக ட்ராக் பாடியே காலத்தை ஓட்டிவிட்டாள். எந்தப் படத்திலும் பேர் வந்ததில்லை. அதற்காக மூக்கைச் சிந்தின காலமும் மலையேறிவிட்டது. கணவர் ரெமிஜியுஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்து விழுந்தார். வலப்பக்கம் விழுந்தது விழுந்ததுதான், பேச்சு மட்டும் மெல்ல மெல்லத் திரும்பியது. பிள்ளைகள் கிடையாது. வாரத்தில் இரண்டு நாள் அவள் ரெக்கார்டிங்குக்குப் போகும்போது, அவர் இடது கைக்கு எட்டும்படி போனையும் தண்ணீரையும் வைத்துவிட்டு, கீழ்வீட்டில் ஒரு சாவியைக் கொடுத்துவிட்டுப் போவாள்.

அந்தப் பாட்டுக்கு ட்ராக் பாடிய நாளில் அவள் நாலு மணிக்கே எழுந்திருந்தாள். படுக்கை நனைந்திருந்தது. அவரைப் புரட்டி, விரிப்பை மாற்றி, உடம்பைத் துடைத்து, முதுகில் புண் வராமல் இருக்கப் பவுடர் போட்டு, இட்லியை ஊட்டி, மாத்திரை கொடுத்து, நனைந்ததை அலசி மாடியில் காயப்போட்டுவிட்டு ஓடினாள். ராயபுரத்திலிருந்து சாலிகிராமம்வரை நின்றுகொண்டே வந்தாள். பாடும் அறையில் ஒரு நாற்காலி இருந்தது. உட்கார்ந்தாள். ஏசி ஓடியது. தமீம் பிடரியில் பட்டையை ஒட்டினான். பாட்டுக்கு வரிகள் இன்னும் எழுதவில்லை. ட்ராக் பாடகர்கள் இந்த மாதிரி நேரத்தில் வாய்க்கு வந்ததைப் போட்டு நிரப்பிப் பாடுவார்கள். ஜெசிந்தா, "மாடியில துணி காயுதே, மழை வருமோ வராதோ" என்று பாடினாள். இருபது நிமிடத்தில் முடிந்தது. பாடலாசிரியர் அந்த ட்ராக்கைப் பட்டை போட்டுக் கேட்டுவிட்டு, ஒரே மூச்சில் 'கொஞ்சம் சாய்கிறேன்' என்று பல்லவி எழுதிக் கொடுத்தார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே என்று சொல்லத் தோன்றுகிறது. அப்படி ஓடியது அந்தப் பாட்டு. கல்யாண மண்டபங்களில் தாலி கட்டிய கையோடு மாப்பிள்ளையும் பெண்ணும் பட்டையை ஒட்டிக்கொண்டு கேட்டார்கள். மெட்ரோ ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு தோளில் சாய்ந்தவர்கள், தங்கள் ஸ்டேஷனைத் தவறவிட்டார்கள். விவாகரத்துக்குப் போன ஒரு ஜோடி இதைக் கேட்டுவிட்டு வழக்கை வாபஸ் வாங்கியது என்று ஒரு செய்தி வந்தது, அது விளம்பரமாகவும் இருக்கலாம். காதல் என்றால் இதுதான் என்று டிவியில் அறிஞர்கள் உட்கார்ந்து அடித்துச் சொன்னார்கள். ஜெசிந்தா இந்தப் பாட்டை மீன் கடையில் கேட்டாள், பால் பூத்தில் கேட்டாள். அவளிடம் பட்டை கிடையாது. மிருதுளா நன்றாகத்தான் பாடியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள், அத்தோடு விட்டுவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்துத் தமீம் அவளை வரச் சொன்னான்.

"அக்கா, இத ஒட்டிக்கங்க. ஒரு வாட்டி கேளுங்க, அப்புறம் பேசலாம்" என்றான்.

பல்லவி தொடங்கியது. தோள் தானாகக் கீழே இறங்கியது. இடுப்பில் முடிச்சுப் போட்ட மாதிரி இருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது. உள்ளங்காலிலிருந்து வலி கழன்று தரைக்குள் போனது. கண் சொருகியது. இரண்டாவது வரியில் ஜெசிந்தா பட்டையைப் பிய்த்து எடுத்தாள்.

"இது நான்லா தம்பி?"

தமீம் தலையைக் குனிந்துகொண்டான். "மியூட் பண்ண மறந்துட்டேன்க்கா. போன வாரந்தான் குட்டு வெளிப்பட்டுச்சு. மிருதுளா மேடத்தோட மெய்ய தனியா எடுத்துப் பாத்தோம். ஒண்ணுமே இல்ல. மேல் சுரத்தப் பிடிக்க முடியுமான்னு ஒரு பயம், அது மட்டுந்தான் இருக்கு. ஊரே கேக்கறது உங்களத்தான்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "யாருக்கா? அண்ணன நெனச்சா?"

ஜெசிந்தா பட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது காதல் இல்ல தம்பி."

"அப்புறம்?"

"உக்காந்தேன்."

"என்னது?"

"அன்னைக்குக் காலையில நாலு மணியில இருந்து அப்பத்தான் உக்காந்தேன். ஏசி ஓடிட்டு இருந்துச்சு. போன் வெளிய இருந்துச்சு. இருபது நிமிசத்துக்கு என்னய யாரும் கூப்பிட முடியாது. அதான் இது. வேற ஒண்ணும் இல்ல."

தமீம் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். "பட்டைக்கு அதெல்லாம் தெரியாதுக்கா. யார நெனச்சீங்க, எதுக்கு நெனச்சீங்க, ஒண்ணும் பிடிக்காது. நெஞ்சு எப்படி அடிச்சுது, வயிறு எப்படித் தளர்ந்துது, தசை எங்க விட்டுக்குடுத்துது, அவ்ளோதான். மேல ஓடுற வரியக் கேட்டுட்டு, கேக்கறவங்க அதக் காதல்னு நெனச்சுக்கறாங்க."

"ஊர்ல அத்தன பேருமா என்னய மாரி களைச்சுக் கெடக்காங்க?"

தமீம் காதைச் சொறிந்துகொண்டான். "இத வெளியில சொல்லிடாதீங்கக்கா. கம்பெனில உங்களுக்கு என்ன வேணும்னு கேக்கச் சொன்னாங்க."

அவள் யோசிக்கவே இல்லை. வீட்டுக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்றாள்.

அப்படித்தான் தாட்சாயிணி வந்தாள். திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண், முப்பது வயது, வேலையில் சூரப்புலி. காலை ஒன்பதிலிருந்து இரவு ஏழுவரை ரெமிஜியுஸ் அவள் பொறுப்பு. பதிலுக்கு ஜெசிந்தா வாயைத் திறக்கக் கூடாது, மிருதுளாவின் அடுத்த மூன்று பாட்டுக்கும் அவள்தான் மெய் கொடுக்க வேண்டும். நியாயமான பேச்சாகத்தான் தோன்றியது.

கட்டிலில் கிடந்தவருக்கு மூளை எப்போதும்போல வேலை செய்தது. "ஒரு கம்பெனிக்காரன்... சும்மா நர்சு அனுப்புவானா? என்னளா நடக்கு?" என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கேட்டார்.

ஜெசிந்தா பூசி மெழுகிப் பார்த்தாள், முடியவில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, 'கொஞ்சம் சாய்கிறேன்' பாட்டில் இருப்பது தன்னுடைய மெய்தான் என்றாள்.

ரெமிஜியுஸின் முகத்தில் அசைகிற பாதி மட்டும் மலர்ந்தது. மூன்று வருடத்தில் அவள் அதைப் பார்த்ததில்லை. "டிவியில... எல்லாரும் சொல்லுதான். அப்பேர்ப்பட்ட காதல்னு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "என்னயா நெனச்ச?"

"வேற யார நெனைப்பேன்?" என்றாள் ஜெசிந்தா.

சொல்லி முடித்தவுடனே விரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். நினைத்தது அவரை இல்லை என்பதுகூடப் பரவாயில்லை. அந்த இருபது நிமிடச் சுகம் அவர் பக்கத்தில் இல்லை என்கிற சுகம். பிய்த்துப் பார்த்தால் அதுதான் மிஞ்சும். படுத்த படுக்கையாகக் கிடக்கிற மனிதருக்கு அது தெரிந்துவிட்டால் அப்புறம் எந்தக் கையால் அவரைத் துடைப்பது? அவர் பாட்டைப் பட்டையோடு கேட்க வேண்டும் என்று அன்றே ஆரம்பித்தார். பக்கவாதம் வந்தவர்கள் பட்டை போடக் கூடாது, டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று அளந்துவிட்டாள். தாட்சாயிணியிடமும் அதையே சொல்லிவைத்தாள். ஊரே கேட்கிற பாட்டை ஒரே ஒரு ஆள் மட்டும் கேட்டுவிடக் கூடாது, அவளுக்கு அதுதான் கவலை.

ஒரு மாதம் போனது. ஜெசிந்தா மத்தியானத்தில் தூங்கினாள். முதுகு நிமிர்ந்தது, கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. இரண்டாவது பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். அதே நாற்காலி, அதே ஏசி. பாடி முடித்ததும் தமீம் பட்டையை ஒட்டிக்கொண்டு கேட்டான், உதட்டைப் பிதுக்கினான்.

"சும்மா இருக்குக்கா. கெட்டது ஒண்ணும் இல்ல. நல்லா சாப்பிட்டுட்டு ஜன்னல் பக்கம் நிக்கற மாதிரி இருக்கு."

நாலு தடவை எடுத்தார்கள். அவள் ரெமி தன்னைப் பெண் பார்க்க வந்த நாளை நினைத்துப் பார்த்தாள், செத்துப்போன அம்மையை நினைத்துப் பார்த்தாள். வேண்டுமென்று நினைத்தபோது ஒன்றும் அசையவில்லை. கம்பெனிக்கு மூக்கில் வியர்த்தது. மெய் வராவிட்டால் மாதக் கடைசியோடு நர்ஸ் நின்றுவிடுவாள் என்று நாசூக்காகச் சொல்லி அனுப்பினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மிருதுளா ஸ்டூடியோவுக்கு வந்தாள். போஸ்டரில் பார்ப்பதைவிடச் சின்னப் பெண்ணாக இருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. தமீமை டீ வாங்க அனுப்பிவிட்டு, ஜெசிந்தாவின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"மேடையில எனக்கு ஒட்டறது செத்த பட்டை, தெரியுமாக்கா? உங்க மெய்யத்தான் ஓட விடறாங்க. நான் பாடறேன், எதிர்ல பத்தாயிரம் பேரு கண்ண மூடிட்டு அப்படியே சாயறாங்க. எனக்கு அடுத்த வரி ஞாபகம் வருமான்னு பயமா இருக்கு."

"ஒங்களுக்குப் பாட்டுல ஒண்ணும் வராதாம்மா?"

"முன்னாடி வரும். பட்டை வந்ததுக்கப்புறம் வரமாட்டேங்குது. உள்ள யாரோ எட்டிப் பாத்துட்டே இருந்தா எப்படிக்கா வரும்?" முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "தூக்கம் வரலன்னா அந்தப் பாட்டத்தான் போட்டுக்கறேன். என் குரல மியூட் பண்ணிட்டு, உங்க மெய் மட்டும். யாருக்கா அவரு? அந்த அதிர்ஷ்டக்காரரு?"

ஜெசிந்தாவுக்கு அவளிடம் பொய் சொல்லத் தெம்பு இல்லை. நாற்காலியையும் ஏசியையும் போனையும் பற்றிச் சொன்னாள். மிருதுளா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். மிருதுளா சிரிக்கவில்லை. "எனக்கும் உக்காரணும்க்கா" என்றாள், இவ்வளவு பெரிய பாடகி, ஐஸ்கிரீம் கேட்கிற குழந்தையின் குரலில்.

அவள் போன பிறகு தமீம் டீயை வைத்துவிட்டு, மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. கம்பெனில ஒரு ஐடியா சொல்றாங்க. அந்த நர்ஸுக்கு ஒரு அஞ்சு நாள் லீவு குடுத்துப் பாக்கலாமேன்னு..."

"நான் நல்லா களைச்சுப் போயி வரணும். அதான?"

"அப்படி இல்லக்கா."

"அப்படித்தான தம்பி. வாயத் தொறந்து சொல்லு, பரவாயில்ல."

அவன் டீயை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். அவள் சண்டை போடவில்லை. நர்ஸ் நிலைக்க வேண்டுமென்றால் நர்ஸை அனுப்ப வேண்டும். இந்தக் கூத்தை யாரிடம் சொல்லி அழுவது என்றுதான் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் தாட்சாயிணியை ஊருக்கு அனுப்பிவைத்தாள். சனிக்கிழமை ரெக்கார்டிங், அன்றைக்குக் காலையில் ஒன்பது மணிக்கு வந்தால் போதும் என்றாள்.

ஒரு மாத ஓய்வில் உடம்பு பழையதை மறந்திருந்தது. திங்கட்கிழமையே இடுப்பு பிடித்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை அவருக்கு வயிறு சரியில்லை, மூன்று தடவை விரிப்பு மாற்றினாள். புதன்கிழமை தண்ணீர் வரவில்லை, இரண்டு மாடிக்குக் குடம் தூக்கினாள். வியாழன் எது, வெள்ளி எது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் நாக்குத் தள்ளியது. ரெமிஜியுஸ் அந்த நாட்களில் ஒன்றும் கேட்கவில்லை. அவள் புரட்டினால் புரண்டார், வாயைத் திறக்கச் சொன்னால் திறந்தார். நர்ஸை ஏன் அனுப்பினாய் என்றுகூடக் கேட்கவில்லை. அது அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு அறைக்குள் வந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். இடது காதுக்குப் பின்னால் பட்டை ஒட்டியிருந்தது. கட்டில் கம்பியில் தொங்குகிற ஜெபமாலைப் பை திறந்து கிடந்தது.

போனில் மிருதுளாவின் குரல் சன்னமாகப் பாடிக்கொண்டிருந்தது. பாட்டு முடியும்வரை அவள் அப்படியே நின்றாள். அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். பட்டையை மறைக்க முயற்சி செய்யவில்லை.

"தாட்சாயிணி ஊருக்குப் போவும்போது குடுத்துச்சு. பக்கவாதத்துக்கு இது ஒண்ணும் செய்யாதுன்னுச்சு. பொழுது போவட்டும்னு. அதத் திட்டாத."

"எப்ப இருந்து கேக்கிய?"

"அஞ்சு நாளா. நீ குளிக்கப் போவும்போது... தண்ணி எடுக்கப் போவும்போது."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அது காதல் இல்லளா."

"இல்ல" என்றாள் அவள். பொய் சொல்வதற்கும் ஒரு பலம் வேண்டியிருக்கிறது, அது அன்றைக்கு அவளிடம் இல்லை.

"நான் மொத நாளே கண்டுபிடிச்சிட்டேன்." அவர் நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் அவள் செத்துப் பிழைத்தாள். "எனக்கு அது வரும். அச்சு அசல் அதே. நீ ரெக்கார்டிங்குக்குப் போவ. கதவச் சாத்துவ. படியில ஒன் செருப்புச் சத்தம் எறங்கிப் போவும். கேட்டு சாத்துற சத்தம் கேக்கும். அப்ப வரும் பாரு... தோளு எறங்கும். கண்ணு சொருகும். யாரும் என்னயப் புரட்ட மாட்டா. யாரும் மொகத்தப் பாத்து, வலிக்கான்னு கேக்க மாட்டா. நானும் யார் கஷ்டத்தையும் பாத்துட்டுக் கெடக்க வேண்டாம்."

ஜெசிந்தாவுக்கு முதலில் வந்தது கோபம். சுருக்கென்று, நெருப்பாக வந்தது. மூன்று வருடம் இந்த உடம்பைத் துடைத்திருக்கிறாள், ஒரு நாள் முகம் சுளித்ததில்லை, இந்த மனுஷனுக்கு அவள் போனால் சுகமாக இருக்கிறதாம். "அப்பம் நான் போனாப் போதும்னு இருந்தியளா? இத்தன நாளும்?" என்று கத்திவிட்டாள். கத்திய பிறகுதான் தான் கேட்ட கேள்வி தன் காதில் விழுந்தது.

"ஆமா" என்றார் ரெமிஜியுஸ். "இப்பேர்ப்பட்ட பொண்டாட்டி... அவ போனா சந்தோசம் வருதே, நான் என்ன மனுசன்னு இருந்துச்சு. மாசத்து முதல் வெள்ளிக்கு நற்கருணை குடுக்க ஃபாதர் வாராருலா? அவர்ட்ட பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன்."

"என்னன்னு?"

"ஃபாதர், எம் பொண்டாட்டி வெளிய போனா எனக்கு சந்தோசமா இருக்குன்னு."

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு?"

"கொஞ்ச நேரம் யோசிச்சாரு. அப்புறம் மூணு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னாரு."

ஜெசிந்தாவுக்கு எங்கிருந்தோ சிரிப்பு வந்தது. துண்டை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரிக்கச் சிரிக்க அது அழுகையாக மாறியது, அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் உயிருள்ள கையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். மூன்று வருடத்து அழுகை. அவர் தலையைத் தடவவில்லை, அந்தக் கையைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருந்தாளே.

"நான் மட்டுந்தான் பாவின்னு நெனச்சேன்" என்றார். "பாட்டக் கேட்டதும்... அட, இவளுமான்னு இருந்துச்சு. அம்புட்டு ஆறுதல் எனக்கு."

கொஞ்ச நேரம் கழித்து அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவர் முகத்தில் இன்னும் ஏதோ மிச்சம் இருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று தயங்குவது தெரிந்தது.

"சொல்லுங்க."

"அந்தப் புள்ள வந்ததுல இருந்து அது இல்லளா. நல்ல புள்ளதான். ஆனா ஒன்பதுல இருந்து ஏழு வரைக்கும் எம்மேல யாரு கையாவது இருந்துட்டே இருக்கு. அது போனா நீ. ஒனக்கு உக்கார எடம் கெடச்சுது. எனக்கு இருந்தது போச்சு."

ஜெசிந்தா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கம்பெனியோடு பேசி, பொய் சொல்லி, ஐந்து நாள் உடம்பை நார் நாராகக் கிழித்து, எந்த நர்ஸைக் காப்பாற்ற நினைத்தாளோ அவளால் அவருக்கு ஒரு மாதமாக மூச்சு முட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கேட்டிருக்கலாம். ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

போனை எடுத்துத் தாட்சாயிணியைக் கூப்பிட்டாள். பஸ் கோயம்பேட்டுக்கு வந்துவிட்டதாம், ஒன்பதுக்கு டாண் என்று வந்துவிடுவாளாம்.

"பதினோரு மணிக்கு வாம்மா, போதும்" என்றாள் ஜெசிந்தா.

"அண்ணா தனியா இருப்பாரே மேடம்?"

"ஆமா, தனியா இருப்பாரு. இனிமே தினமும் பதினோரு மணிக்கே வா."

அவருக்கு இட்லியை ஊட்டினாள். மாத்திரை கொடுத்தாள். போனையும் தண்ணீரையும் இடது கைப்பக்கம் வைத்தாள். பட்டையை அவர் காதிலிருந்து எடுக்கப் போனவள், அதை அவரிடமே விட்டுவிட்டாள். பன்னிரண்டு மணிக்குத்தான் ரெக்கார்டிங். எட்டே முக்காலுக்கெல்லாம் செருப்பை மாட்டினாள்.

"இப்பமே கெளம்பிட்டியா?" என்றார் அவர். அவருக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் அசைகிற பாதியில் ஒரு வெட்கம் வந்தது, கல்யாணமான புதிதில் வந்த மாதிரி. "போ. கதவ நல்லாச் சாத்திட்டுப் போ."

நன்றாகச் சாத்தினாள். படியில் இறங்கும்போது செருப்பை வேண்டுமென்றே தட்டித் தட்டி இறங்கினாள். கேட்டை ஓசைப்பட இழுத்து மூடினாள்.

வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. உட்கார்ந்ததும் தமீமிடமிருந்து போன் வந்தது.

"கெளம்பிட்டீங்களாக்கா? எப்படி இருக்கீங்க? டயர்டா?" அவன் குரலில் அவ்வளவு ஆசை.

"ரொம்ப தம்பி."

"சூப்பர்க்கா. அப்படியே வாங்க. வழியில காபி கீபி குடிச்சிடாதீங்க, ப்ளீஸ்."

ஜெசிந்தா போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். எழுந்து போய் ஒரு காபி வாங்கிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். சூடாக இருந்தது. மெய் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும், அதைப் பன்னிரண்டு மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

மணி ஒன்பதே கால். அங்கே அவர் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார்? ஒன்றும் செய்துகொண்டிருக்க மாட்டார். ஃபேன் ஓடும். முதுகு எப்படிக் கிடக்கிறதோ அப்படியே கிடக்கும், யாரும் வந்து புரட்ட மாட்டார்கள். நினைக்க நினைக்க அவள் தோள் மெல்ல இறங்கியது. இடுப்பு அவிழ்ந்தது. உள்ளங்கால் தரையில் முழுசாகப் படிந்தது. பிடரியில் பட்டை இல்லை, யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இந்தத் தடவை அந்தச் சுகத்துக்குள் அவரும் இருந்தார்.

ரயில் வந்து நின்றது. கூட்டம் ஏறியது. அவருக்கு இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தது. ஜெசிந்தா காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, அந்த ரயிலைப் போக விட்டாள்.